1330: எண்ணின் இயல்பும் எழுத்துமுறையின் விளைவும்

திருக்குறளின் பாத்தொகையாகிய 1330இன் இலக்கங்களைக் கூட்டின் 7 வரும். குறளின் சீர்களும் ஏழே. இவ்வொப்புமையை ஆசிரியர் வைத்த மறைபொருளாகக் கொள்வாரும் உளர். இக்கூற்றினை ஈண்டு ஆராய்வோம்.

1330 என்பது 2, 5, 7, 19 எனும் பகா எண்களின் பெருக்கம். அதற்குக் காரணிகள் 16. தன்னையொழித்த காரணிகளின் கூட்டுத்தொகை 1550 ஆதலின் இது மிகை எண். 1 முதல் 190 வரையிலான பத்தொன்பது முக்கோண எண்களின் கூட்டுத்தொகையாதலின் நான்முகி எண்ணுமாம். 21 பொருள்களுள் மூன்றைத் தெரிந்தெடுக்கும் வழிகளும் இத்தனையே.

இவ்வியல்புகள் எம்முறையில் எழுதினும் மாறா. இலக்கங்களின் கூட்டோ மாறும்: எட்டினை அடியாகக் கொண்டு எழுதின் இவ்வெண் 2462, கூட்டுத்தொகை 14. ஆகவே ஏழு என்பது எழுத்துமுறையின் விளைவேயன்றி எண்ணின் இயல்பன்று. 133 அதிகாரங்கள், அதிகாரந்தோறும் பத்துக் குறள் என்னும் நூலமைப்பே இத்தொகையைத் தந்தது. மாணவர்க்கு இதனை உணர்த்துவதால் குறளின் பெருமை குன்றாது என்பதே நம் கருத்து.