தோலில் நின்ற போர்வீரர்கள்

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிப்பாய் என்ன உடுத்தினான் என்று யாரைக் கேட்பது? துணி மக்கிவிடும், இரும்பு துருவேறிவிடும்.

ஸ்பெயின் நாட்டில், 1492 வரை முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட கிரனடா நகரில், அல்ஹம்பரா அரண்மனை இருக்கிறது. அங்குள்ள மன்னர்கள் மண்டபத்தின் விதானத்தில், தோலின்மேல் தீட்டிய 14ஆம் நூற்றாண்டு ஓவியங்களைக் காணலாம். போர்க்களத்துத் தோல் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. விதானத்துத் தோல் நிலைத்துவிட்டது! ஓர் ஓவியத்தில் நீண்ட அங்கி தரித்த பத்துப் பேர் வாளுடன் அமர்ந்திருக்கின்றனர். இன்னொன்றில் முஸ்லிம் குதிரைவீரன் கிறிஸ்தவ வீரனை ஈட்டியால் குத்துகிறான்.

அப்படியே நம்பிவிடலாமா? அந்த ஓவியங்களில் ஐரோப்பியச் சாயல் மிகுதி. ஆகவே எஞ்சியுள்ள கிரனடா வாள்களோடு அறிஞர்கள் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதே வளாகத்துச் சிறு வீடொன்றின் சுவரில் குதிரைப்படையும் கைதிகளும் கூடாரங்களும் தீட்டப்பட்டுள்ளன. கொலுமண்டபத்து அலங்காரத்தைவிட, படை நடந்த விதத்தைக் காட்டும் இந்தச் சுவரையே நான் முதலில் கேட்பேன்.