எண்ணுக்குப் பின்னால் – 14: கூட்டல் கழித்தல் குறி சொல்லாதது

ஆர் மொழியில் ஒரு மாறியின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால் அதன் மதிப்பு திரையில் வந்து நிற்கும். வழக்கமாக 7 இலக்கம் வரைதான். உள்ளே பதினைந்து, பதினாறு இலக்கம் பத்திரமாக இருக்கும். இந்தச் சுருக்கலைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. சென்ற வாரம் பார்த்த சமவாய்ப்பு மாறியிடம் இதே வேலையைக் காட்டினால்தான் சிக்கல். அதற்கென்று ஒரு மதிப்பு கிடையாது. எந்த மதிப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்ற பரவல் மட்டுமே உண்டு. அதை ஒற்றை வரியில் எப்படிக் காட்டுவது?

கெர்மனும் ஆண்ட்ரூ கெல்மனும் 2007இல் ஒரு கட்டுரையில் விவரித்த, ஆர் மொழிக்கான ஆர்வி தொகுப்பு தாராளமானது. மாறிக்கு ஒரு வரி ஒதுக்கி, சராசரி, திட்ட விலக்கம், பிறகு சதமானங்கள் என்று வரிசையாக அடுக்கிவிடும். பின்னால் வந்த போஸ்டீரியர் தொகுப்பில் சமவாய்ப்பு மாறிக்கான ஆர்வார் என்ற வகை படு சிக்கனம்: சராசரி, ± குறி, திட்ட விலக்கம், அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. ஆர்வாரை அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் வைக்கலாம். அங்கே ஏழெட்டு எண்களுக்கு இடம் ஏது?

அந்தச் சிக்கனத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். அமெரிக்காவின் 8 பள்ளிகளில் எஸ்ஏடி தேர்வுக்கு நடந்த பயிற்சி எவ்வளவு பலன் தந்தது என்ற தரவை 1981இல் டொனால்ட் ரூபின் ஆராய்ந்தார். பேயீசியப் புள்ளியியல் படிக்கிற யாரும் இந்த 8 பள்ளிகளைத் தாண்டிப் போக முடியாது. முதல் பள்ளியின் நேரடி மதிப்பீடு 28 மதிப்பெண், திட்டப் பிழை 15. மற்ற பள்ளிகளின் தரவும் சேர்ந்து இழுத்தபின், போஸ்டீரியரோடு வரும் மாதிரித் தரவில் அது 6.7 ± 6.3 ஆகிவிடுகிறது. இதுவரை சரி.

பள்ளிக்குப் பள்ளி பலன் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை டௌ என்ற மாறி அளக்கிறது. திரையில் அது 4.2 ± 3.6. பழக்கதோஷத்தில் இரண்டு திட்ட விலக்கத்தைக் கழித்துப் பார்ப்பவருக்கு −3 கிடைக்கும். ஆனால் டௌவே ஒரு திட்ட விலக்கம். பூஜ்யத்துக்குக் கீழே அது போகவே முடியாது. அந்த ஆர்வாருக்கு உள்ளே இருக்கும் 400 மாதிரி மதிப்புகளில் ஒன்றுகூட எதிர்ம எண் இல்லை. அவற்றின் இடைநிலை 3.1, 5ஆம் சதமானம் 0.3, 95ஆம் சதமானம் 11. இடப்பக்கம் சுவரில் முட்டி, வலப்பக்கம் நீண்ட வால். ± போட்டதும் இரு பக்கமும் சமம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. சராசரிக்குப் பதில் இடைநிலையைக் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றலாம். அப்போதும் நடுவில் அதே ± தான். என்னைக் கேட்டால், இரண்டு சதமானங்களைக் காட்டுவதே இயல்பிருப்பாக இருந்திருக்க வேண்டும். கட்டம் கொஞ்சம் அகலமானால் என்ன?

டிஸ்ட்ரிபியூஷனல் தொகுப்பு வேறு வழியில் போகிறது. மாதிரி மதிப்புகளைச் சுருக்காமல் பரவலின் பெயரையே அச்சிடும். சராசரி 0, திட்ட விலக்கம் 2 என்று இயல்நிலைப் பரவல் ஒன்றை உருவாக்கினால் திரையில் வருவது என்(0, 4). நாம் கொடுத்தது 2, அது காட்டுவது 4! பாடநூல் மரபுப்படி இரண்டாம் இடத்தில் வருவது மாறுபாடு, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆர் மொழியின் சொந்த ஆர்நார்ம் சார்பு கேட்பது திட்ட விலக்கத்தை. திரையில் பார்த்த 4ஐ அப்படியே அங்கே தட்டினால் பரவல் இரு மடங்கு அகன்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

(தொடரும்)