தொண்டு செய்யக் கட்டணமா?

விடுமுறையில் நேபாளம், கம்போடியா சென்று தொண்டு செய்யப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஏற்பாட்டு நிறுவனங்கள் கேட்கும் பெருந்தொகையைக் கட்டலாமா?

கட்டணம் வாங்குவது தவறல்ல. சாப்பாடு, தங்குமிடம், காப்புறுதிக்குச் செலவுண்டு. ஆனால் கணக்காளனாகச் சொல்கிறேன்: செலவு விபரத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த ஊருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? ஊர்க்காரர் கூலிக்குச் செய்யும் வேலையையா நம் பிள்ளை காசு கட்டிச் செய்யப்போகிறது?

அநாதை இல்லமென்றால் வேண்டாம். அங்குள்ள பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். வெளிநாட்டவர் பணத்துக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்களும் உண்டு. இத்தகைய தொண்டின் தீங்கைத் தடுக்குமாறு 2019 இல் ஐ.நா. பொதுச்சபையே நாடுகளைக் கேட்டது. குடும்பம் பிரிந்த துயரம் நமக்குத் தெரியாததா?

தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கு, 1970 இல் உருவான ஐ.நா. தொண்டர் திட்டம் இருக்கிறது. அது கட்டணம் வாங்குவதில்லை. வாழ்க்கைச் செலவுக்குப் படியும் கொடுக்கிறது.

பிள்ளைகளின் ஆசையை மறிக்காதீர்கள், விசாரித்து அனுப்புங்கள்.