860 ரூபாய்ச் செலவுச் சீட்டும் ஒரு சேலைக் கரையும்

சென்ற ஐப்பசியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. நூல் இருப்பும் கூலிப் பட்டுவாடாவும் ஒழுங்காகவே இருந்தன. கிடங்கில் மட்டும் விலைபோகாத பருத்திச் சேலைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிக் கிடந்தன. யாவும் பல்லாண்டுகளாக மாறாத ஒரே கரை உடையவை. சீட்டுக் கட்டைப் புரட்டுகையில் ஒன்று நம் கண்ணை நிறுத்தியது. "கரை மாதிரி வரைந்த வகைக்கு: பஸ் கட்டணம், தாள், பென்சில், சாப்பாடு, தேநீர், இரண்டு நாள், ரூபாய் 860" என்று எழுதியிருந்தது. பணம் பெற்றவர் ஓர் அங்கத்தினரின் மகள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் துணி வடிவமைப்புப் பயிலும் மாணவி.

மாதிரி எங்கே என்று கேட்டோம். காரியதரிசி ஒரு கோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அதில் பாதிக் கைகள், பாதி முகங்கள், ஒரு பூனை, தேநீர்க் கடைக்காரரின் மூக்கு ஆகியவை இருந்தன. கரை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. "கமிட்டித் தீர்மானம் இல்லை, பலனும் காணப்படவில்லை" என்று ஆட்சேபம் எழுதினோம்.

காரியதரிசி நாற்பது ஆண்டு தறியில் இருந்தவர். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, ஒரு முழம் நெய்தால் அளந்து காட்டிவிடலாம். இதை எந்தக் கோலால் அளப்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை. வருகிற சனி, ஞாயிறும் அந்தப் பிள்ளை வரையப் போகிறாள். தாங்கள் ஒருமுறை கூட இருந்து பார்த்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்" என்றார். சொந்தச் செலவிலேயே சென்றோம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. அதற்கு ஓராண்டு முன்னர், 1850இல், அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஆரம்பித்த கலைப் பள்ளியே இன்றைய கவின் கலைக் கல்லூரி. இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லாததால் மாணவர் அருங்காட்சியகத்தில் வரைவது தொன்றுதொட்ட பழக்கம். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆகவே சனிக்கிழமை காலையில் கதவு திறக்கும்போது நால்வர் மடியில் பலகையுடன் காத்திருந்தனர். நம் மாணவி, தஞ்சைப் பக்கத்து வாழைக் கொல்லைக்காரர் ஒருவரின் மகன், மட்பாண்டம் பயிலும் ஓர் இளைஞர், ஓவியம் பயிலும் மற்றொரு பெண் ஆகியோர் அந்நால்வர்.

வெண்கலக் கூடத்தில் முதல் அரைமணி நேரம் நம் மாணவி பென்சிலை எடுக்கவேயில்லை. ஒரு தேவியின் திருவுருவத்தை முன்னின்று பார்த்தார், பக்கத்தில் நின்று பார்த்தார், தரையில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தார். கூலிக் கணக்குப் பார்த்தே பழகிய நமக்கு அந்த அரைமணி நேரம் உறுத்தியது. பின்னர் வரையத் தொடங்கினார். கையை நீட்டிப் பென்சிலை நிறுத்தி இடைக்கும் முழங்காலுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். கண்ணாடிப் பேழையில் விளக்கின் ஒளி பட்டுக் கூசியதால் இடம் மாறி மாறி உட்கார்ந்தார். முதல் மூன்று படங்களையும் இரண்டிரண்டு நிமிடங்களில் போட்டுத் தள்ளிவிட்டார். "அவை கை பழகுவதற்கு, ஐயா. பாவு ஓட்டுமுன் நூலைத் தட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல" என்றார்.

நான்காவது படத்தில்தான் ஆடை வந்தது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் இடையாடையை நம்மில் பலர் பார்த்திருப்போம். உற்றுப் பார்த்தவர் சிலரே. உடலோடு ஒட்டிய துணியில் குறுக்கே வரிவரியாகக் கீறியிருப்பார்கள். வரிகளுக்கிடையே சிற்றணிகள் வரும். அவ்வாடை உடல் வளையுமிடத்தில் தானும் வளைகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்தெடுத்த பொருள் அது. ஓர் அச்சுக்கு ஓர் உருவந்தான். அட்டை மாட்டிவிட்டால் ஒரே பூவை ஆயிரம் சேலையில் நெய்யும் நம் தொழிலுக்கு இது நேர் எதிர். இருந்தும் அந்தச் சிற்பி துணியை அறிந்தே இருந்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை.

பிற்பகலில் அமராவதிச் சிற்பங்களுக்குச் சென்றனர். ஆந்திர தேசத்தில் கிருஷ்ணை நதிக்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக் கற்கள் இவை. வால்ட்டர் எலியட் என்பவர் 1845இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் பெரும் பகுதி பிற்பாடு இலண்டனுக்குப் போய்விட்டது. தூபியைச் சுற்றியிருந்த வேலியின் மேற்கல்லில் ஓர் அணி தொடர்ந்து ஓடும். இளைஞர்கள் வரிசையாய் நின்று ஒரு தடித்த மாலையைத் தோளில் சுமக்கின்றனர். தோளில் ஏறித் தோளுக்கிடையே தாழ்ந்து, மீண்டும் ஏறி, மாலை அலையலையாய்ச் செல்கிறது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. அதைக் கண்டதும் மாணவி, "இது கல்லில் போட்ட கரை, ஐயா" என்றார். பிறகு மாலைவரை வேறெதையும் அவர் வரையவில்லை.

இனி அந்தத் தேநீர் விஷயத்துக்கு வருவோம். ஐந்து மணிக்கு வெளியே வந்து, ஒரு மரத்தடியில் நால்வரும் அமர்ந்தனர். கேலியும் சிரிப்புமாக இருந்தது. ஒருவர் காவலரின் மீசையை வரைந்திருந்தார். தேநீர் வந்ததும் கோட்டுப் புத்தகங்களைத் தரையில் விரித்து வைத்தனர். தம் படத்தைப் பற்றித் தாம் பேசலாகாது, மற்றவரே பேச வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். நம் மாணவியின் மாலைக் கோடு அழகாக, ஒரே சீராக ஓடியது. நாம் மனத்துக்குள் மெச்சிக்கொண்டிருந்தோம். வாழைக் கொல்லைக்காரரின் மகன் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, அந்த மாலைக்குப் பாரம் இருக்கிறது. நீங்கள் போட்ட கோட்டில் பாரம் இல்லை. எங்கள் ஊரில் வாழைத்தாரைக் காவடி கட்டித் தூக்கும்போது நடுவில் மூங்கில் எப்படித் தாழும்! தோளுக்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கி, அடியில்தான் மெல்ல வளைய வேண்டும்."

மாணவியின் முகம் வாடியது. ஒரு பகல் முழுதும் செய்த வேலை அது. எதிர்த்து இரண்டு சொல் சொன்னார். பிறகு பேசாமல் இருந்தார். பிறகு பென்சிலை எடுத்து அதே பக்கத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கோடு போட்டார். நமக்குப் படம் வரையத் தெரியாது. ஆயினும் முதற்கோடு நூல் போலவும், இரண்டாவது மாலை போலவும் இருந்ததை நாமே கண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குச் சென்றனர். கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் கடற்கரையோரம் அமைத்த குடியிருப்பு அது. ஓவியம் மட்டும் விற்று உயிர் வாழ இயலாத நிலையில், அவர்கள் மெழுகிட்டுச் சாயம் தோய்த்த பாத்திக் துணிகளும் வேறு கைவினைப் பொருள்களும் செய்து, சேர்ந்து விற்று, வந்த பணத்தில் நிலம் வாங்கினர். பெயர்ப்பலகை எதுவாயினும் செய்கை நம் செய்கையே. துணி விற்ற காசில் எழுந்த ஊர் அது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நன்று. அங்கே அன்று அவர்கள் அதிகம் வரையவில்லை. படங்களைப் பார்த்தனர், உண்டனர், கடற்காற்றில் வாதாடினர். அதைப் பற்றி நாம் வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மறு வாரம் படம் ஊருக்கு வந்தது. உண்மையான பரீட்சை அப்போதுதான். மாணவியின் தந்தை அதைத் தறிமேல் விரித்து வைத்துக் கணக்கிட்டார். மாலையின் ஓர் அலை நான்கு அங்குல நீளம் இருந்தது. அங்குலத்துக்கு 60 ஊடை வீதம் 240 ஊடை. ஊடைக்கு ஓர் அட்டையாக 240 அட்டை குத்த வேண்டும். "யார் குத்துவது? யார் காசு கொடுப்பது?" என்றார். அலையை இரண்டரை அங்குலமாகக் குறுக்கினால் 150 அட்டையில் முடியும். ஆனால் குறுக்கினால் பாரம் போய்விடும் என்று மகள் மறுத்தார். தந்தைக்கும் மகளுக்கும் இரண்டு நாள் பேச்சு இல்லை என்று காரியதரிசி நமக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் மகளே வழி கண்டார். மாலை சுமக்கும் ஆட்களை நீக்கினார். அவர்களது ஜக்கார்டு பெட்டியின் 120 ஊக்கில் மனித உருவம் தெளிவாக விழாது. தோள் இருந்த இடத்தில் ஒரு மொட்டை வைத்தார். அலை மூன்று அங்குலமாயிற்று, அட்டை 180. தாழ்வு மட்டும் அந்த இளைஞர் சொன்னபடியே செங்குத்தாக இறங்கியது. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மையால் நிரப்பி, தந்தையும் மகளும் சேர்ந்தே அட்டை குத்தினர்.

தை மாதத்தில் பன்னிரண்டு சேலைகள் இறங்கின. அவற்றில் ஒன்பது விலைபோயின. இதைக்கொண்டு கிடங்கு காலியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பழைய கட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் சங்கத்தார் அந்தக் கரைக்கு மேலும் இரண்டு தறிகளை ஒதுக்கியுள்ளனர்.

நமது ஆட்சேபத்தை முழுவதும் நீக்கவில்லை. தீர்மானமின்றிச் செலவிட்டது தவறுதான். கமிட்டி கூடி, இனி மாதிரி வரையும் செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்குவதென்றும், வரைந்தவருக்குப் படத்துக்கு இவ்வளவு எனக் கூலி கொடுப்பதென்றும், மாதிரிப் பதிவேடு ஒன்று வைத்து அதில் வரைந்தவர் பெயரை எழுதுவதென்றும் தீர்மானித்தது. "பலன் காணப்படவில்லை" என்ற வாசகத்தை நாமே அடித்துக் கையெழுத்திட்டோம்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்திடும்போது மாணவி, அந்த வாழைக் கொல்லைக்காரர் மகனின் பெயரையும் எழுத வேண்டுமென்றார். அவர் சங்க அங்கத்தினரும் அல்லர், நெசவாளர் குடும்பமும் அல்லர் என்று காரியதரிசி தயங்கி நம்மைப் பார்த்தார். "யோசனை சொன்னவர்" என்று ஒரு பத்தியைக் கோடு கிழித்துச் சேர்க்கச் சொன்னோம். தேநீர்ச் செலவு 45 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர் அடுத்தபடி கேட்டார். அதற்கு மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.