'ரன்' என்னும் ஆங்கில வினையும் தமிழில் அதன் பொருட்பகிர்வும்

திறவுச்சொற்கள்: பலபொருள் ஒருசொல், ஒருபொருள் குறித்த பலசொல், தன்வினை, பிறவினை, இருமொழி அகராதி

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களை உடைய சொல் எது என்னும் வினாவிற்கு நெடுங்காலம் 'செட்' என்பதே விடையாக இருந்தது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அவ்வினைக்கு 430 அளவில் பொருள்கள் பகுக்கப்பெற்றன. பதிவு ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. மூன்றாம் பதிப்பிற்கான திருத்தப் பணியில் இந்நிலை மாறியது. பதிப்பாசிரியருள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்து 'ரன்' என்னும் வினையின் பதிவைத் திருத்தியமைத்தார். அவ்வினைக்குரிய பொருள்கள் 645 எனக் கணக்கிடப்பெற்றமை 2011இல் பரவலாக அறியப்பட்டது.

இவ்வெண்ணைக் கொண்டு ஒரு மொழியின் சொல்வளத்தை அளத்தல் பொருந்தாது. 'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோதல். 'ரன் இன்டு' என்றால் எதிர்ப்படுதல் அல்லது மோதுதல். 'ரன் ஓவர்' என்றால் ஊர்தி ஒருவர்மேல் ஏறுதல். இத்தகைய தொடர்வினைகள் யாவும் அந்த ஒரே பதிவினுள் அடங்குவன. தமிழ் அகராதி தொகுப்போர் 'ஓடிப்போ' என்பதனைத் தனித் தலைச்சொல்லாகவும் கொள்ளலாம். 'ஓடு' என்பதன்கீழ் வைத்தலும் ஆம். எண்ணிக்கை தொகுப்போரின் பகுப்பு முறையைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் நிற்கும். எனவே எத்தனை பொருள்கள் என்பதினும், அத்தனை பொருள்கள் ஒரே வடிவில் குவிந்தது எவ்வாறு என்பதே மொழியியல் நோக்கில் பயனுடைய வினாவாகும்.

இருவினை ஒன்றானமை

விடையின் ஒரு பகுதி சொல்லின் பிறப்பில் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் இருவேறு வினைகள் வழங்கின. ஒன்று, ஓடுதல், பாய்தல் என்னும் பொருளில் வந்த 'ரின்னன்' என்னும் தன்வினை. மற்றொன்று, ஓடச்செய்தல், குதிரையைச் செலுத்துதல் என்னும் பொருளில் அதனோடு இனமாய் வழங்கிய பிறவினை. பழைய நோர்ஸ் மொழியின் இனச்சொற்களும் இவற்றோடு வந்து கலந்தன. காலப்போக்கில் வடிவ வேறுபாடு மங்கி, இரண்டும் 'ரன்' என்னும் ஒரே சொல்லாயின. உறவுமொழியாகிய ஜெர்மனியில் இன்றும் 'ரின்னன்' நீர் முதலியன ஒழுகுதலையும் 'ரென்னன்' விரைந்து ஓடுதலையும் குறித்துத் தனித்தனியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் குதிரை ஓடுவதற்கும் குதிரையை ஒருவர் ஓட்டுவதற்கும் வினைவடிவம் ஒன்றே.

தமிழில் இவ்விணைவு நிகழவில்லை. 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. ஆங்கிலச் சொல் ஒன்றினுள் அடக்கி வைத்திருக்கும் பொருட்பரப்பின் பெரும்பாதியைத் தமிழ் ஓர் ஒற்றிரட்டிப்பால் பிரித்துவிடுகிறது. 'ரன்' என்பதற்கு 'ஓடு' என ஒரு சொல்லை மட்டும் நிகராகக் காட்டும் சிறு அகராதிகள் முதலில் இழப்பது இந்த வேறுபாட்டையே.

உடன்செல்லும் இடமும் பிரியும் இடமும்

தன்வினைப் பொருளில் இரு சொற்களும் வியப்பூட்டும் அளவுக்கு உடன்செல்கின்றன. ஆறு ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. இவை ஆங்கிலத்தைப் பார்த்து அமைந்தவை என எளிதில் கூறிவிட இயலாது. இடம்விட்டு இடம்பெயரும் இயக்கத்திலிருந்து இடையறாத இயக்கத்திற்குப் பொருள் விரிதல் இரு மொழிக்கும் இயல்பாகலாம்.

பிரியும் இடங்கள் இவற்றினும் சுவையானவை. மூக்கு ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஒழுகும். துணியின் சாயம் அங்கே ஓடும். இங்கே சாயம் போகும். நிரலை இயக்குகிறோம், செய்தியை வெளியிடுகிறோம். கிரிக்கெட்டில் இலங்கைத் தமிழ் இதழ்கள் 'ஓட்டங்கள்' என எழுத, தமிழ்நாட்டு இதழ்களில் 'ரன்கள்' என்பதே பெருவழக்கு. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார். இங்கிலாந்தின் வழக்கிலோ வேட்பாளர் நிற்கிறார். தமிழரும் தேர்தலில் நிற்பவரே. தமிழின் 'ஓடு' ஆங்கிலம் செல்லாத திசைகளிலும் சென்றுள்ளது. 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்பதில் உள்ள ஓட்டத்தை 'ரன்' என்னும் சொல்லால் பெயர்த்தல் அரிது.

பிறவினைப் பொருளில் வேறுபாடு இன்னும் நுண்ணியது. ஒரு நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்துதலுக்கு 'ரன்' என்பதை வழங்கும் வழக்கு 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க ஆங்கிலத்தில் வலுப்பெற்றது. இயந்திரங்கள் பெருகிய காலத்து வழக்கு அது. ஒன்றைத் தன் கட்டுப்பாட்டில் இயங்கச் செய்தல் என்னும் கருத்து அதன் உள்ளீடு. தமிழில் 'குடும்பத்தை ஓட்டுகிறார்' என்னும்போது கட்டுப்பாடு பின்வாங்கி, குறைந்த வருவாயில் எப்படியோ காலந்தள்ளுதல் என்னும் பொருள் முன்னிற்கிறது. 'பள்ளியை நடத்துகிறார்' என்றால் நிருவாகம். 'பள்ளியை ஓட்டுகிறார்' என்றால் இடர்ப்பாடு. ஆங்கிலப் புதினம் ஒன்றில் ஒரு பெண் விடுதி நடத்துவதாக வருமிடத்தில் மொழிபெயர்ப்பாளர் 'ஓட்டுகிறாள்' என எழுதுவாராயின், மூலத்தில் இல்லாத வறுமை அவள் வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

நிகர்ச்சொற்களின் எல்லை

'ஸ்பிரிண்ட்', 'ஜாக்', 'ஃப்ளோ', 'ஆபரேட்', 'மேனேஜ்', 'ஸ்மகிள்' ஆகியன 'ரன்' என்பதற்கு நிகர்ச்சொற்களாகத் தரப்படுவன. இவை தம்முள் நிகரானவை அல்ல. முதலிரண்டும் கால்களால் ஓடுதலின் விரைவு வேறுபாட்டைச் சுட்டுவன. 'ஃப்ளோ' நீர்மங்களுக்கும் அவற்றை ஒத்தனவற்றுக்கும் உரியது. 'ஸ்மகிள்' ஆயுதமோ மதுவோ கடத்தப்படும் சூழலில் மட்டும் அச்சொல்லின் இடத்தை நிரப்பும். ஒரு சொல்லின் நிகர்ச்சொல் என்பது உண்மையில் அச்சொல்லின் ஒரு பொருளுக்கு நிகர்ச்சொல்லே.

இந்த உண்மை தமிழ் மரபிற்குப் புதிதன்று. ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலையும் பல சொல் ஒரு பொருளுக்கு உரியனவாதலையும் தொல்காப்பிய உரியியல் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. சூடாமணி நிகண்டு தன் பன்னிரு தொகுதிகளுள் முதற் பத்தில் ஒருபொருட்குரிய பெயர்களைத் தொகுத்து, பதினோராம் தொகுதியை ஒருசொற் பல்பொருளுக்கெனத் தனியே ஒதுக்கியது. மனப்பாடத்திற்காக அமைந்த நூலாயினும் இப்பகுப்பில் தெளிவு உண்டு. இன்றைய கையடக்க அகராதிகள் சிலவற்றில் அது காணப்படுவதில்லை.

பலபொருள் ஒருசொல் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவுறும் என்பது கிளவியாக்கம் காட்டும் நெறி. 'மா' பூத்தது எனின் மரம். ஓடியது எனின் விலங்கு. அங்கே பெயரின் பொருளை வினை துணிகிறது. 'ரன்' போன்ற வினையில் இந்நெறி தலைகீழாகச் செயற்படுகிறது. வினையின் பொருளை அதன் எழுவாயும் செயப்படுபொருளும் துணிகின்றன: எழுவாய் மூக்காயின் ஒழுகுதல், வேட்பாளராயின் போட்டியிடுதல், செயப்படுபொருள் ஆயுதமாயின் கடத்துதல், கடையாயின் நடத்துதல்.

ஆகவே ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பதிவில் நிகர்ச்சொற்களைக் காற்புள்ளியிட்டு வரிசைப்படுத்துதல் போதாது. தன்வினைப் பொருள்களையும் பிறவினைப் பொருள்களையும் முதலிற் பிரித்து, ஒவ்வொன்றன்கீழும் எழுவாய், செயப்படுபொருள் ஆகியவற்றின் வகையைச் சுட்டி, எடுத்துக்காட்டுத் தொடரோடு தமிழ் வினையைத் தருதல் வேண்டும். ஒருசொல் நிகர் அமையாத இடங்களும் உண்டு. அச்சத்தால் வைப்பாளர் அனைவரும் ஒரே சமயத்தில் வங்கியிலிருந்து தம் தொகையைத் திரும்பப் பெற முண்டியடித்தலை ஆங்கிலம் 'ரன்' என்னும் பெயர்ச்சொல்லால் குறிக்கும். இதற்கு விளக்கத்தையே நிகராகத் தருதல் நேரிது. 'வங்கி ஓட்டம்' என எழுதினால், வைப்பாளர் வந்து நிற்குமுன் வங்கியே ஓடிப்போனதாகப் பொருள்படும்.