மலைநாட்டு மருந்துப் பை – 6: தராசு நேரமும் மாத்திரை நேரமும்

போன வாரம் மாதாந்தக் கிளினிக்கில் காத்திருந்து, மருந்தோடு லயத்துக்குத் திரும்பியதுடன் நிறுத்தியிருந்தோம். இனிப் பையைப் பிரிப்போம்.

சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள, கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாவின் பையில் நாலைந்து காகித உறைகள் இருக்கும். மெட்ஃபோர்மின் மூன்று வேளை, சாப்பாட்டோடு. கிளிக்லசைட் சாப்பாட்டுக்கு முன்னால். பிரஷருக்கு லொசார்ட்டன், சிலருக்குக் கூடவே சிறுநீர் பிரியும் மாத்திரை. கொழுப்புக்கு இரவில் ஒன்று. உறையில் சிங்களமோ ஆங்கிலமோ இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசித்துச் சொல்லும். பிறகு நிறத்தை வைத்தே அடையாளம். அடுத்த மாதம் வேறு கம்பனி மாத்திரை வந்தால் அந்தக் கணக்கும் போச்சு.

நீண்டகால நோய்க்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள், அதுவும் வசதியான நாடுகளில், என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. எல்லாரும் மறதி என்பார்கள். தோட்டத்தில் மறதிக்கு முன்னால் நிற்பது தராசு.

மதியம் கொழுந்தை நிறுத்து, பிள்ளைக்காம்பராவை எட்டிப் பார்த்து, லயத்துக்கு ஏறிச் சாப்பிட்டு, மறுபடி மலைக்குப் போக வேண்டும். நிறுவை வரிசை நீண்டால் சோறு தள்ளிப்போகும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். மதிய மெட்ஃபோர்மின் உறையிலேயே மிஞ்சுவதில் என்ன அதிசயம்? இதைவிட ஆபத்து காலையில். கிளிக்லசைட்டை விழுங்கிவிட்டு, ரொட்டி தின்ன நேரமில்லாமல் வெறும் தேத்தண்ணியோடு பெரட்டுக்கு, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓடினால், கொஞ்ச நேரத்தில் சீனி இறங்கி வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று. நிற்பதோ செங்குத்தான மலையில். இப்படி ஆகிறவர்கள் சேலை முந்தியில் கொஞ்சம் சீனியோ இரண்டு டொபியோ முடிந்து வைத்திருப்பது நல்லது.

சிறுநீர் மாத்திரையின் கதை வேறு. "அதப் போட்டுட்டு மலைக்குப் போனா எங்க போயி ஒதுங்குறது?" என்று கேட்டார் ஓர் அக்கா. பல தோட்டங்களில் மலையில் கழிப்பறை கிடையாது. அதனால் வேலை நாளில் அந்த மாத்திரையும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும். கிளினிக்கில் பிரஷர் ஏறியிருக்கும். "ஒழுங்கா போடுறீங்களா?" "ஆமாங்க டாக்டர்." கொப்பியில் மருந்தின் அளவு கூடும். போடாத மருந்துக்கு மேல் இன்னொரு மருந்து. இதில் அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேயிலை நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கினால், தேயிலையின் டனின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைரொயிட்டுக்குத் தைரொக்சின் போடுகிறவர்களும் வெறும் வயிற்றில் பச்சைத்தண்ணியோடு எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணியைத் தொடலாம். விடியற்காலையில் எழுந்ததும் சாயம் ஊற்றுகிற வீட்டில் இது லேசான வேலையில்லை.

டாக்டரிடம் உண்மையான நேரக் கணக்கைச் சொன்னால் வழி பிறக்கும். மெட்ஃபோர்மினைப் பலருக்கு இரண்டு வேளையாக்கலாம், மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. சிறுநீர் மாத்திரையை வேலை விட்டு வந்ததும் போடலாமா என்று கேட்கலாம். கேட்காமல் நாமாக மாற்றக் கூடாது. விட்ட வேளைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்கவும் கூடாது. ஆனால் ஒதுங்க இடமில்லை என்பதை, ஆண் டாக்டர் முன்னால், பின்னால் நீண்ட வரிசை நிற்கையில், எந்த அம்மா சொல்வார்? அதை டாக்டர்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம்: கிளினிக் போன நாளில் போகிற பேர்.