இல்லத்தில் சோதனையும் தற்காப்பு உரிமையும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாசலுக்குப் போலீஸார் வருவது அபூர்வம். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு முறை, வாடகைக்கு வந்தவரின் விவரத்தைச் சரிபார்க்க ஒரு முறை, அவ்வளவே. வருகிறவரும் பகலில் வருவார். தேநீர் கொடுத்தால் அருந்திவிட்டுப் போவார். ஆகையினால், இரவு இரண்டு மணிக்குப் பலர் கூடி வந்து கதவை இடித்தால் செய்யத்தக்கது யாது என்று முன்கூட்டி எண்ணிப் பார்த்தவர் நம்மில் மிகச் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய இரவு ஒன்று நமக்கு வாய்த்தது. நாம் அப்போது குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஊரிலிருந்து மகனோடு தங்க வந்த பெரியவர் ஒருவர் தம் மனைவியாருடன் இருந்தார். ஹிந்தி இருவருக்கும் தெரியாது. மகன் வெளியூர் சென்றிருந்த சமயம். நள்ளிரவு கடந்த பின் கதவு அதிர்ந்தது. வெளியே சாதாரண உடையில் நாலைந்து பேர். "தர்வாஜா கோலோ" என்ற கூச்சல்தான் உள்ளே கேட்டது. பெரியவர் ஓர் இரும்புக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நின்றுவிட்டார். அம்மையார் தொலைபேசியில் நம்மை அழைத்தார். இறங்கிச் சென்று விசாரித்ததில், வந்தவர்கள் போலீஸார் என்பதும், அவர்கள் தேடிய ஆள் அடுத்த கட்டடத்தில் இருப்பவன் என்பதும் தெரியவந்தன. வீட்டு எண்ணைத் தவறாகப் படித்திருந்தார்கள். உள்ளே குழாய் ஓங்கியிருந்தது வந்தவர்களுக்குத் தெரியாது. வந்தவர் இடுப்பில் துப்பாக்கி இருந்தது பெரியவருக்கும் தெரியாது. மறுநாள் அவர் நம்மைக் கேட்டார்: "கதவு உடைந்து நான் அடித்திருந்தால் குற்றவாளி ஆகியிருப்பேனா, தம்பி?"

அந்தக் கேள்விக்கு விடை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே உண்டு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதையும் அவ்விதிகளை ஏறக்குறைய அப்படியே 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வைத்திருக்கிறது. தன் உடலையும் பொருளையும் காத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு. சூரியன் மறைந்து உதிக்கும் வரையுள்ள வேளையில் ஒருவன் வீட்டை உடைத்துப் புகுந்தால், அவ்வுரிமை அவனைக் கொல்லும் அளவுக்குக்கூட நீளலாம். ஆனால் காப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்தல் ஆகாது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை.

அரசாங்க ஊழியர் திறத்தில் சட்டம் வேறொரு கோடு கிழிக்கிறது. தம் பதவியின் பேரால் நல்லெண்ணத்துடன் அவர் செய்யும் செயல், சட்டப்படி முற்றிலும் சரியாக இல்லாவிடினும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சத்தை விளைவிக்காத வரையில், அவரை எதிர்த்துத் தற்காப்பு உரிமை கிடையாது. இவ்விதியின் கீழ் ஒரு சிறு விளக்கம் இருக்கிறது: வந்தவர் அரசாங்க ஊழியர் என்று வீட்டுக்காரர் அறிந்திருந்தாலோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தாலோதான் அவர் உரிமையை இழப்பார். அறியாதவர் இழப்பதில்லை. நம் பெரியவருக்குரிய விடை இந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது. இதனால் விளைவது யாதெனில், அறிவிக்காமல் கதவை உடைக்கும் போலீஸாரும், கள்வன் என்று கருதி அடிக்கும் வீட்டுக்காரரும் ஒருங்கே தத்தம் கடமையைச் செய்வதாக நம்பிக்கொண்டு ஒருவரையொருவர் கொன்றுவிடக்கூடும். இடையில் நிற்பது வாசலில் சொல்லவேண்டிய ஓரிரு சொற்களே.

அச்சொற்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். கைது செய்யவேண்டியவரைத் தேடி ஒரு வீட்டுக்கு வரும் அதிகாரி, தம் அதிகாரத்தையும் வந்த நோக்கத்தையும் தெரிவித்து, உள்ளே விடும்படி கேட்டு, அதற்கு மறுப்பு நேர்ந்த பின்னரே கதவை உடைக்கலாம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதைக் கூறியது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 44-ஆம் பிரிவு கூறுகிறது. மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருக்கும் நமக்கு இங்கே ஒரு சொல் உறுத்துகிறது. "தெரிவித்தல்" என்றால் சொல்லிவிடுவது மட்டுமா, கேட்பவருக்கு விளங்குவதுமா? ஹிந்தி அறியாத வீட்டில் ஹிந்தியில் கூவியது தெரிவித்தல் ஆகுமா? வந்தவர் இன்னார் என்று நம்பக் காரணம் இருந்ததா என்பதைச் சட்டம் வீட்டுக்காரரின் நிலையிலிருந்து பார்க்கிறது. ஆதலால், விளங்காத சொல்லைச் சொல்லாத சொல்லோடு வைத்து எண்ணுவதே பொருந்தும் என்பது நம் எண்ணம்.

இரவில் கதவு தட்டுவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் தில்லியில் 1962 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வழங்கியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர்மீது 1941-ல் ஒரு கொள்ளை வழக்கு எழுந்து, சாட்சியம் இன்மையால் விடுவிக்கப்பட்டார். எனினும் அவர் பெயர் போலீஸ் கண்காணிப்பில் இருந்தது. காவலர் இரவில் வந்து கதவைத் தட்டிக் கூச்சலிட்டு உறக்கத்தைக் கலைப்பதாக அவர் முறையிட்டார். ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக, இரவில் வீட்டுக்கு வந்து பார்க்க இடந்தந்த போலீஸ் விதியை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு மாறானது என்று நீக்கினார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து தில்லிக்கு வந்த நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். அந்தரங்கம் என்பது தனி உரிமை அன்று என அத்தீர்ப்பில் அவர் கூறிய பகுதியை, 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். கதவைப் பற்றிக் கூறியது நிலைத்தது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே தட்டாமலே புகலாம் என்று நீதிபதி உத்தரவு தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. 2020 மார்ச் 13 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், லூயிவில் நகரில் சாதாரண உடையணிந்த போலீஸார் ஒரு வீட்டின் கதவை இடித்துத் திறந்தார்கள். தட்டி அறிவித்தோம் என்றனர் போலீஸார். உள்ளிருந்தவர் கேட்கவில்லை என்றார். திருடர் என்று எண்ணி அவர் ஒரு முறை சுட்டார். ஒரு போலீஸ்காரரின் காலில் பட்டது. பதிலுக்கு முப்பத்திரண்டு குண்டுகள் பாய்ந்தன. அவ்வீட்டில் இருந்த இருபத்தாறு வயதுப் பெண் உயிரிழந்தார். சுட்டவர்மீது தொடுத்த வழக்கைப் பின்னர் அரசு தரப்பே கைவிட்டது. அந்நகரம் அவ்வாண்டு ஜூனிலேயே இத்தகைய உத்தரவுகளைத் தடைசெய்தது.

நம் தில்லியில் 2014 ஜனவரி 15 இரவில் கிடுக்கி எக்ஸ்டென்ஷனில் நடந்தது மற்றொரு விதம். ஆப்பிரிக்கப் பெண்கள் குடியிருந்த வீட்டில் உடனே சோதனையிடும்படி அன்றைய தில்லி சட்ட அமைச்சர் ஆட்களுடன் வந்து வற்புறுத்தினார். வாரண்ட் இல்லை என்று போலீஸ் அதிகாரிகள் மறுத்தார்கள். கூட்டத்தினர் தங்களைத் துன்புறுத்தியதாகப் பெண்கள் முறையிட, வழக்கும் பதிவாயிற்று. கூட்டம் கூடி வரும்போது வாசலில் நிற்பவர்களில் எவர் அரசாங்க ஊழியர், எவர் அல்லர் என்பதை உள்ளே இருப்பவர் எப்படி அறிவார்? மேலும், போலீஸ் என்று சொல்பவர் எல்லாரும் போலீஸ் அல்லர். 1987 மார்ச் 19 அன்று பம்பாயில் ஒருவன் சி.பி.ஐ. அதிகாரி வேடம் பூண்டு, விளம்பரம் மூலம் தானே திரட்டிய ஆட்களுடன் பெரிய நகைக்கடை ஒன்றில் "சோதனை" நடத்தி நகைகளோடு மறைந்துவிட்டான். உடன் சென்றவர்களே அது மெய்யான சோதனை என்று நம்பியிருந்தார்கள்.

ஆகவே, கதவு தட்டப்பட்டால் முதலில் விளக்கைப் போட்டு, சங்கிலியை எடுக்காமல், யார், எந்தக் காவல் நிலையம், என்ன காரியம் என்று கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் 112 என்ற எண்ணுக்குப் பேசி உறுதி செய்துகொள்ளலாம். கையில் ஆயுதம் வேண்டாம். மெய்யான போலீஸாரைத் தடுப்பதும் அடிப்பதும் தனிக் குற்றங்கள். அவர்கள் உள்ளே வந்தால், அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக வைக்கும்படி கேட்கலாம். அது சட்டம் அவர்களுக்கு விதித்திருக்கும் கடமை. வீட்டுக்காரர் உடனிருந்து பார்க்கலாம். இன்றைய சட்டப்படி சோதனையை ஒலி, ஒளிப் பதிவும் செய்யவேண்டும். வாரண்ட் இல்லாமல் வந்த சோதனையானால், அதன் காரணம் எழுத்தில் இருக்கவேண்டும். அதன் நகல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும். சாட்சி நிற்க அழைத்தால் நம்மவர் பலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தக்க காரணமின்றி மறுப்பது குற்றம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

எடுத்துச் செல்லும் பொருள்களின் பட்டியலை ஊரில் மகஜர் என்போம். அதன் நகலைக் கேட்டுப் பெறவேண்டும். அது ஹிந்தியில் இருந்து நமக்கு விளங்காவிட்டால், கையொப்பத்துக்கு மேல், "இம்மொழி எனக்குத் தெரியாது" என்று தமிழிலேயே எழுதிவிடலாம். நம் பெரியவருக்கு அந்த ஒரு வரியையும், கூடவே "ஆப் கோன் ஹை?" என்று கேட்பதையும் சொல்லிக் கொடுத்தோம். இரும்புக் குழாயை அம்மையார் துணி உலர்த்தும் கொடிக்குக் கட்டிவிட்டார்.